நோயாளியின் ஏடு நோயாளியின் கையில்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கும் நினைவிருக்கக்கூடிய ஒரு காட்சியோடு இன்றைய உரையைத் தொடங்குவோம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஐயா ஒரு தாளில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதுவார். அதை மடித்து உறையில் போட்டு ஒட்டுவார். "இதைக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடு. வழியில் பிரிக்காதே" என்பார். உறைக்குள் இருப்பது நம் உடம்பைப் பற்றிய செய்தி. அதைச் சுமந்து செல்பவரும் நாமே. ஆனால், அதைப் படிக்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லை.

எம் தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. நாம் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் காலில் கத்தி பட்டுப் புண்ணாயிற்று. டிரெசர் ஓர் ஊசி போட்டார். சற்று நேரத்திற்கெல்லாம் தகப்பனாருக்கு உடம்பு முழுவதும் தடித்து மூச்சுத் திணறியது. டிரெசர் பதறாமல் வேறு மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். பிறகு, தம் பெரிய பதிவேட்டை எடுத்து, சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார். இந்த மருந்தை இவருக்கு இனிமேல் கொடுக்கலாகாது என்பதே அந்த வரியின் பொருள் என்று அம்மாவிடம் சொன்னார். மருந்தின் பெயரை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சில ஆண்டுகள் சென்றன. தோட்டம் கைமாறியது. லயங்கள் காலியாயின. ஆஸ்பத்திரியும் மூடப்பட்டது. பதிவேடு எங்கே போயிற்றென்று எவருக்கும் தெரியவில்லை. பின்னர் ஒருநாள் தகப்பனார் கடுங்காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, ஓர் இளம் மருத்துவர் எம்மிடம் கேட்டார்:

"இவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா?"

"உண்டு, டாக்டர். ஓர் ஊசி."

"அதன் பெயர் என்ன?"

எமக்குத் தெரியவில்லை. அந்த மருத்துவர் பொறுமைசாலி. ஐயத்திற்குரிய மருந்துகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தேடிக் கொடுத்தார். தகப்பனார் பிழைத்தெழுந்தார். ஆயினும், அன்றிரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எழுந்த கேள்வி நம்மை விட்டு இன்றளவும் அகலவில்லை. அந்தச் சிவப்பு வரி யாருக்காக எழுதப்பட்டது? டிரெசருக்காகவா? தோட்ட நிர்வாகத்திற்காகவா? அல்லது, யார் உயிரைக் காக்க வேண்டுமோ அந்த மனிதருக்காகவா?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் எழுந்ததன்று. உலகின் பல நாடுகளில் நோயாளிகளும் நல்ல மருத்துவர்களும் இதைக் கேட்டார்கள். அதன் விளைவாகவே இன்று பல நாடுகளில் ஒருவர் தம் நோய்க் குறிப்புகளையும் சோதனை முடிவுகளையும் கைத்தொலைபேசியிலேயே திறந்து படிக்க முடிகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிவிடை செய்பவர் என்பனவே அவை. இந்த வரிசையில் முதலிடம் யாருக்கு என்று கவனித்தீர்களா? நோயாளிக்கு! ஆனால், மருத்துவத்தின் வரலாற்றில் நோயாளி அந்த முதலிடத்தைப் பெறுவதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்து நாட்டின் கதையை எடுத்துக்கொள்வோம்.

1911-ஆம் ஆண்டில் அந்நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர் லாயிட் ஜார்ஜ். அவருடைய முயற்சியால் தேசியக் காப்புறுதிச் சட்டம் அவ்வாண்டு நிறைவேறியது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். முதலாளியும் அரசும் தத்தம் பங்கைச் செலுத்தும். தொழிலாளி நோயுற்றால் மருத்துவரிடம் காசு கொடுக்காமலே சிகிச்சை பெறலாம். தொழிலாளியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வசதி அப்போது கிடைக்கவில்லை. ஆயினும், ஏழைத் தொழிலாளிக்கு அது பெரிய வரப்பிரசாதமாகவே இருந்தது.

அந்தத் திட்டத்தின் வழியாக ஒரு சிறிய பழுப்பு நிற உறை நடைமுறைக்கு வந்தது. நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் உறை. என்ன நோய், என்ன மருந்து என்பதை மருத்துவர் அட்டைகளில் எழுதி அந்த உறைக்குள் வைப்பார். நோயாளி வேறு மருத்துவரிடம் மாறினால் உறையும் நிர்வாகத்தின் வழியாகப் புதிய மருத்துவரைச் சென்றடையும். லாயிட் ஜார்ஜ் உறை என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் பிரிட்டனில் எல்லா மக்களுக்குமான தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கிய பிறகும் அதே உறைதான் தொடர்ந்தது. கணினி வந்து நெடுநாள் ஆன பின்னரும் பல மருத்துவ நிலையங்களின் அலமாரிகளில் அந்த உறைகள் அடுக்கடுக்காய் இருந்தன.

நல்ல ஏற்பாடுதான், ஐயமில்லை. ஒரு மனிதனின் நோய் வரலாறு தொலையாமல் அவனைப் பின்தொடர்ந்து வருவது பெரிய நன்மை. ஆனால், அந்த உறை யாருடைய சொத்து? அரசாங்கத்தின் சொத்து. அதைப் படிக்கும் உரிமை யாருக்கு? மருத்துவருக்கு. நோயாளி எதிரே உட்கார்ந்திருப்பார். மருத்துவர் அட்டையைத் தம் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதுவார். நம் தோட்டத்து ஒட்டிய உறைக்கும் அந்த லாயிட் ஜார்ஜ் உறைக்கும் இந்த வகையில் அதிக வேறுபாடு இல்லை எனலாம்.

மருத்துவர்கள் ஏன் மறைத்தார்கள்? எல்லாரும் தீய எண்ணத்தால் மறைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. நோயாளி படித்தால் பயந்துபோவார் என்று சிலர் நினைத்தார்கள். புரியாமல் குழம்புவார் என்று வேறு சிலர் நினைத்தார்கள். கேள்விமேல் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குவார் என்று அஞ்சியவர்களும் உண்டு. இன்னொரு காரணமும் இருந்தது. யாரும் படிக்கப் போவதில்லை என்ற துணிவில் நோயாளியைப் பற்றி மரியாதைக் குறைவான சொற்களை எழுதி வைத்தவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கதவை முதலில் தட்டியவர்களுள் தாய்மார்களும் அடங்குவர். கருவுற்ற பெண்கள் தங்கள் பரிசோதனைக் குறிப்புகளைத் தாங்களே வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன என்று இங்கிலாந்தின் நியூபரி என்ற ஊரில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவு 1987-இல் வெளியாயிற்று. குறிப்பைத் தம் கையில் வைத்திருந்த பெண்களுக்கு, தம் பராமரிப்பு தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு மிகுந்திருந்தது. மருத்துவரோடும் மருத்துவச்சியோடும் பேசுவது எளிதாக இருந்தது என்றும் அவர்கள் சொன்னார்கள்.

நேயர்களே, இது நமக்குப் புதிய செய்தியன்று. ஜப்பான் நாட்டில் 1942-ஆம் ஆண்டிலேயே கருவுற்ற தாய்மார்களுக்குக் கையேடு கொடுக்கத் தொடங்கினார்கள். 1948-இல் அது தாய்க்கும் சேய்க்குமான ஒரே ஏடாயிற்று. நம் மலேசியாவிலும் கிளினிக்கிற்குப் போகும் கர்ப்பிணிப் பெண்ணின் கையில் ஒரு புத்தகம் இருக்கிறதல்லவா? எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சோகை எல்லாம் அதில் எழுதப்படுகின்றன. அதை அவர் வீட்டிற்கே கொண்டுவருகிறார். நள்ளிரவில் வலி எடுத்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தப் புத்தகமே அவருக்காகப் பேசும். நம் வீட்டுப் பெண்கள் அதைத் துணிப்பையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நோயாளியின் ஏடு நோயாளியின் கையில் இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இங்கிலாந்தில் சட்டமும் மெல்ல மெல்ல அசைந்து கொடுத்தது. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கணினியில் ஏற்றப்பட்ட தம்மைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் எழுதப்பட்ட நோய்க் குறிப்புகளுக்கும் அந்த உரிமையை விரித்தது. ஆனால், 1991 நவம்பர் முதல் நாளுக்குப் பிறகு எழுதப்பட்டவற்றுக்கே அது பொருந்தும். விண்ணப்பம் எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும். உரிமை ஏட்டில் இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் சிலரே.

இந்த நிலையில்தான் ஹைடு என்னும் ஊரில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஹைடு, மான்செஸ்டர் நகருக்கு அருகில் உள்ளது. பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர். உழைக்கும் மக்கள் வாழும் ஊர். அங்கே ஹரால்டு ஷிப்மன் என்ற மருத்துவர் 1977 முதல் தொழில் செய்துவந்தார். 1992-இல் கடைத்தெருவில் தமக்கென்று தனி மருத்துவ நிலையம் திறந்தார். அவரிடம் பதிவு செய்துகொண்ட நோயாளிகள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். கூப்பிட்டால் வீட்டிற்கே வருவார். முதியவர்களிடம் நின்று பேசுவார். ஆகவே, மக்கள் அவரைத் தெய்வமாக மதித்தார்கள்.

அந்த மருத்துவர்தான் தம் நோயாளிகளைக் கொன்றுகொண்டிருந்தார். ஆம், நேயர்களே! வலி போக்கும் மருந்தை அளவுக்கு மீறி ஊசியில் ஏற்றிக் கொன்றார். இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். இறப்புச் சான்றிதழிலும் அவரே கையெழுத்திடுவார். "முதுமை", "மாரடைப்பு" என்று ஏதேனும் ஒரு காரணம் எழுதுவார். யார் சந்தேகிப்பார்கள்?

1998 மார்ச்சில், பக்கத்து மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர், இவ்வளவு பேர் இறப்பது இயல்பாகத் தோன்றவில்லையே என்று அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார். முதல் விசாரணை ஒன்றையும் கண்டுபிடிக்காமல் முடிந்துபோயிற்று. அதன் பிறகும் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். அவர்களுள் கடைசியாக இறந்த மூதாட்டியின் உயில் போலியானது என்று, வழக்கறிஞரான அவர் மகள் கண்டுபிடித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஷிப்மன் கைது செய்யப்பட்டார்.

இங்கேதான் நோய்க் குறிப்பு கதைக்குள் வருகிறது. இறந்தவர்களில் ஒரு பெண்மணிக்கு நெஞ்சுவலி இருந்ததாக ஷிப்மனின் கணினியில் குறிப்பு இருந்தது. பத்து மாதங்களுக்கு முன்பே அவர் வலியென்று வந்தது போல அதில் தேதியிடப்பட்டிருந்தது. பிள்ளைகளுக்கோ வியப்பு. அம்மா நெஞ்சுவலி என்று ஒருநாளும் சொன்னதில்லையே! காவல்துறையின் கணினி வல்லுநர் அந்தக் கருவியின் உள்ளே தேடினார். ஒவ்வொரு குறிப்பும் உண்மையில் எந்த நாளில், எந்த நிமிடத்தில் பதியப்பட்டது என்பதைக் கணினி தனக்குள் எழுதி வைத்திருந்தது. அந்தப் பெண்மணி இறந்த அதே நாள் பிற்பகலில்தான் பழைய தேதியிட்ட குறிப்பு ஏற்றப்பட்டிருந்தது! கணினி அப்படிக் கணக்கு வைக்கும் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

2000-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், 15 கொலைகளுக்காக ஷிப்மனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 215 பேரை ஷிப்மன் கொன்றார் என்று அக்குழு 2002-இல் முடிவு கூறியது. 2004 ஜனவரியில் அவர் சிறையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இப்போது ஹைடு மக்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அம்மாவை இழந்தவர்கள், அத்தையை இழந்தவர்கள், அண்டை வீட்டுப் பாட்டியை இழந்தவர்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது? அதே கடைத்தெரு, அதே கதவு. உள்ளே ஒரு புதிய மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை எப்படி நம்புவது?

அந்தப் புதியவர்களுள் ஒருவர் டாக்டர் அமீர் ஹன்னான். 2000-ஆம் ஆண்டில் அங்கே பணியேற்றார். "என்னை நம்புங்கள்" என்று சொல்லிப் பயனில்லை என்பதை அவர் உணர்ந்தார். ஷிப்மனும் அதைத்தானே சொல்லியிருப்பார்! ஆகவே, அவர் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார். தாம் எழுதும் குறிப்பை நோயாளிக்கே காட்டிவிடுவது என்று முடிவு செய்தார். 2000-களின் நடுப்பகுதியிலிருந்து அவருடைய நோயாளிகள் இணையத்தின் வழியாக, தம் வீட்டிலிருந்தே தம் ஏட்டைத் திறந்து படிக்கலானார்கள்.

அதில் என்னென்ன இருந்தன? மருத்துவர் அன்று என்ன எழுதினார், இரத்தச் சோதனையில் என்ன வந்தது, எந்த மருந்து எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து என்ன கடிதம் வந்தது ஆகிய அனைத்தும் இருந்தன. கேட்டவுடன் கதவைத் திறந்துவிடுவதும் இல்லை. கெட்ட செய்தியைத் தனியே படிக்க நேரிடலாம், மறந்துபோன பழைய துயரங்கள் கண்ணில் படலாம், வீட்டில் வேறொருவர் வற்புறுத்திப் பார்க்கக்கூடும் என்பவற்றையெல்லாம் நோயாளி முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இவற்றைப் புரிந்துகொண்டு சம்மதித்த பிறகே மறைச்சொல் கொடுக்கப்பட்டது.

மருத்துவத்தில் நம்பிக்கை இழந்த ஊரிலேயே ஆயிரக்கணக்கானோர் இந்த வசதியை ஏற்றுக்கொண்டார்கள். நீரிழிவு நோயாளி தம் சர்க்கரை அளவு ஏறியிருப்பதைத் தாமே கண்டு மருத்துவரிடம் வரலாம். வெளியூரில் மயங்கி விழுந்தவர் அங்குள்ள மருத்துவரிடம் தம் ஏட்டையே திறந்து காட்டலாம். எம் தகப்பனார் படுத்திருந்த அந்த இரவில் எமக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால்!

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ஏடு திறந்திருந்தால் மட்டும் ஷிப்மனின் கொலைகள் நின்றிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. இறந்தவர் எழுந்துவந்து தம் குறிப்பைப் படிக்க முடியாதல்லவா? ஆனால், உயிரோடிருக்கும்போதே நாமும் நம் பிள்ளைகளும் படித்துப் பழகிய ஏட்டில் இல்லாத நோயை ஒருவர் பின்னாளில் திணிப்பது எளிதன்று. ஒரு கணக்கை இருவர் பார்த்தால் பொய்க்கணக்கு எழுதத் தயக்கம் வரும். பால் எடை போடும்போது கிராணி எழுதும் கணக்கை ஒரு கண் பார்த்துக்கொண்டே நின்ற நம் பெற்றோருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கடல் கடந்து அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. 2010-ஆம் ஆண்டில் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூன்று இடங்களில் 105 மருத்துவர்கள் ஒரு சோதனைக்கு முன்வந்தார்கள். ஓராண்டு காலம் தாங்கள் எழுதும் குறிப்புகளை நோயாளிகள் இணையத்தில் படிக்க விடுவது என்பதே அது. நோயாளிகள் பயந்து நடுங்குவார்கள் என்று எதிர்பார்த்தவர்களும் உண்டு. 2012-இல் முடிவு வெளியாயிற்று. குழப்பமோ கவலையோ மனவருத்தமோ அடைந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 8 பேருக்கு மேல் எங்கும் இல்லை. தம் உடல்நலம் தம் கையில் இருக்கிறது என்ற உணர்வு கூடியது என்று நூற்றுக்கு 77 முதல் 87 பேர் கூறினர். மருந்தை முன்னைவிட ஒழுங்காகச் சாப்பிடுகிறோம் என்று நூற்றுக்கு 60 முதல் 78 பேர் சொன்னார்கள். சோதனை முடிந்த பிறகு, இது வேண்டாம் என்று விலகிய மருத்துவர் ஒருவர்கூட இல்லை.

இன்னொரு செய்தி மிக முக்கியமானது. தம் குறிப்பைப் படித்த 22,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளிடம் கேட்டறிந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. படித்தவர்களில் ஐவரில் ஒருவர் அதில் ஒரு பிழையைக் கண்டதாகக் கூறினார். அப்படிக் கண்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அது பெரும்பிழை என்று கருதினார்கள். இல்லாத நோய் எழுதப்பட்டிருக்கலாம். இருக்கும் நோய் விடுபட்டிருக்கலாம். வேறொருவரின் விவரம் கலந்திருக்கலாம். மருத்துவர் கெட்டவர் என்பது இதன் பொருளன்று. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறவர் கை தவறுவது இயல்பு. அந்தப் பிழையை முதலில் காணக்கூடியவர் யார்? அந்த உடம்போடு வாழ்கிறவர்தானே!

இங்கிலாந்தில் தேசியச் சுகாதாரச் சேவையின் செயலி 2019 முதல் மக்களிடையே பரவியது. புதிதாக எழுதப்படும் குறிப்புகளை நோயாளிகள் இணையத்தில் காணும் வசதியை 2023 அக்டோபர் 31-க்குள் செய்து தர வேண்டும் என்று மருத்துவ நிலையங்களுக்கு விதிக்கப்பட்டது. ஹைடு ஊரில் ஒரு கதவு திறந்தது. பின்னர் நாடு முழுவதும் அந்தக் கதவு திறந்தது.

நம் பகுதிக்கு வருவோம். மலேசியாவில் செலாயாங் மருத்துவமனை 1999-இல் காகிதக் கோப்புகளை விட்டுக் கணினிப் பதிவோடு தொடங்கப்பட்டது. ஆனால், அந்தத் திரை மருத்துவருக்கும் தாதிக்கும் உரியது. நோயாளியின் கைக்குச் சுகாதாரப் பதிவு பரவலாக வந்து சேர்ந்தது கோவிட் காலத்தில்தான். 2020-இல் வந்த மைசெஜாத்ரா செயலியில் தடுப்பூசி போட்ட விவரத்தை ஒவ்வொருவரும் தம் கைத்தொலைபேசியில் கண்டோம். சிங்கப்பூரில் 2015-இல் தொடங்கிய ஹெல்த்ஹப் வழியாகச் சோதனை முடிவுகளையும் பிள்ளைகளின் தடுப்பூசி விவரங்களையும் மக்கள் பார்க்கிறார்கள்.

நன்மை இருக்கும் இடத்தில் ஆபத்தும் உண்டு. 2018-ஆம் ஆண்டு ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். 15 லட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்கள் களவுபோயின. அவர்களில் 1,60,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் சேர்ந்து போயிற்று. நாட்டின் பிரதமருடைய விவரம்கூடத் தப்பவில்லை. அலமாரியில் இருந்த உறையைத் திருட வேண்டுமானால் ஒருவர் நேரில் வர வேண்டும். கணினியில் உள்ளதைத் தொலைவிலிருந்தே அள்ளிவிடலாம். ஆகவே, பூட்டை வலுவாகச் செய்யும் கடமை ஆட்சிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உண்டு. சாவியைப் பத்திரமாக வைக்கும் கடமை நமக்கும் உண்டு.

நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கைத்தொலைபேசியில் படிக்கத் தெரிவதில்லை. தெரிந்தாலும், எழுதியிருப்பது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அப்போது பேரப்பிள்ளைதான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது நல்ல பணி. ஆனால், பிள்ளைகளே, பாட்டியின் நோய் பாட்டியின் சொந்த விஷயம். படித்ததை அவரிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லாதீர்கள். கடுமையான செய்தி ஏதும் கண்ணில் பட்டால் நீங்களாகப் பொருள் கூறி அவரைக் கலங்கடிக்காமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டும் என்று எண்ண வேண்டாம். நான்கு செய்திகளை மட்டும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்து வைத்திருக்கட்டும். எந்த நோய் இருக்கிறது? எந்த மருந்து, எவ்வளவு சாப்பிடுகிறோம்? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? கடைசிச் சோதனையில் என்ன வந்தது? செயலியில் இவை கிடைத்தால் அங்கே பாருங்கள். கிடைக்காவிட்டால் கிளினிக்கில் கேட்டு ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். "டாக்டர், இந்த மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார். எழுதியிருப்பதில் பிழை கண்டால், பணிவாக, ஆனால் தயங்காமல் சொல்லுங்கள்.

எம் தகப்பனாருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்பதைப் பின்னாளில் ஒரு மருத்துவர் சோதித்துக் கண்டுபிடித்தார். அதன் பெயரை அவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரச் சொல்லி வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். எம் கைத்தொலைபேசியிலும் அது இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், கேட்பதற்கு முன்பே தகப்பனார் அந்தத் தாளை எடுத்து நீட்டுவார். இளமையில் உறையைப் பிரிக்காமல் சுமந்து சென்ற அதே கைதான் அது.

நேயர்களே, இன்று இரவு உங்கள் வீட்டு முதியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "தாத்தா, உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் என்ன?" பதில் தெரியாவிட்டால், அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது கேட்டு எழுதி வாருங்கள்.